தீப்படகும் ஏறாத கூரையும்

அத்தையின் வீடு எரிந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தவுடன் சந்தோஷமாக இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளினால் எழுதாமலே விட்டுவிடுவேன். நான் அப்படிப்பட்டவள் என்பது இந்த ஆறு மாதத்தில் எனக்கே தெரிந்துபோயிற்று.

கார்த்திகை மாதம், சாயங்காலம் நாலு மணி தாண்டியிருக்கும். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனால் மேலே அணையைத் திறந்துவிட்டிருந்ததால் பெண்ணையாறு இரண்டு பக்கமும் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் என்று சொல்வதற்குக் காரணம், எங்கள் ஊர் ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. சோரியாங்குப்பத்துக்குத் தெற்கே ஆறு இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய்த் திரும்பச் சேருகிறது. அந்த இடைவெளியில் மண் மேடிட்டு உண்டான திட்டு எங்களுடையது. நாற்பது வீடு தேறினால் அதிகம். பாதிக்கு மேல் கீற்றுக் கூரை. வடக்கே பாகூர்ப் பக்கம் போக ஒரு தரைப்பாலம் உண்டு; கோடையில் அதில் கரும்பு லாரியே வரும். கார்த்திகையில் பாலம் முழுகிவிடும். அந்த ஒன்றரை இரண்டு மாதம் நாங்கள் தீவுக்காரர்கள்.

நான் அத்தை என்று கூப்பிடுகிறவள் எனக்கு ரத்த உறவு இல்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். கரும்பு வெட்டப் போவாள், இரண்டு ஆடு வைத்திருக்கிறாள், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஈர விறகு காயட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி வைத்திருந்தாள். மழைக்காலத்தில் திட்டில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு அவளுடைய விறகு கொஞ்சம் சீக்கிரம் காய்ந்துவிட்டது.

யாரோ போன் பண்ணினார்கள். இன்னொருவரும் பண்ணினார். வடகரையில் புதுச்சேரி தீயணைப்பு வண்டி வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் தென்கரையில் கடலூர் வண்டியும் வந்து நின்றது. இரண்டும் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றன. நடுவில் ஆறு. ஓஸ் பைப்பை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. வண்டிக்காரர்கள் இறங்கி முழங்கால் தண்ணீர் வரை வந்து பார்த்தார்கள், அதற்கு மேல் இழுத்துவிடும். குடத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சித்தப்பா மூச்சு வாங்க நின்று சொன்னார்: "பாருடா, ஓட்டு கேக்கக்கூட ஒண்ணா வராத ரெண்டு கவர்மெண்டும் இன்னிக்கி சேந்து வந்து வேடிக்க பாக்குது."

சிலர் சிரித்தார்கள். வீடு எரியும்போதும் சிரிப்பு வந்தது.

என் கையில் அத்தையின் ஆட்டுக் கயிறு. "இத்தப் புடிடி" என்று யாரோ திணித்துவிட்டுப் போனார்கள். நான் சுற்றிலும் தண்ணீரையும் நடுவில் நெருப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். சேதராப்பட்டில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை எனக்கு. பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சேர்ந்தேன். தினமும் முப்பது நாற்பது பம்பு ஓடுவதைக் காதால் கேட்டே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த நேரத்தில் பளிச்சென்று தெரிந்தது: தண்ணீர் இல்லாமல் இங்கே எதுவும் எரியவில்லை. தண்ணீரைத் தூக்குகிற கை இல்லாமல் எரிகிறது. ஒரு படகில் ஆயில் இன்ஜின் பம்பை வைத்தால்? திட்டைச் சுற்றி எந்த வீட்டிலிருந்தும் நூறடிக்குள் ஆறு இருக்கிறது. எந்தக் கரைக்கு வேண்டுமானாலும் படகைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி ஓஸை விட்டால்?

ஆட்டுக் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு போனை எடுத்து டைப் பண்ணினேன். 'படகு, ஆயில் இன்ஜின், ஓஸ், எல்லா வீடும் எட்டும்.' அந்தக் குறிப்பு இன்னும் போனில் இருக்கிறது. நேரம் நாலு இருபத்தாறு என்று காட்டுகிறது. அத்தையின் கூரை உள்ளே இடிந்து விழுந்தது அதற்குப் பிறகுதான். விழுந்த சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். என் முகத்தில் அப்போது என்ன இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

*

மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. வீடு எரிந்தால் கூடித்தான் ஆக வேண்டும். எங்கள் திட்டில் ஒரு வழக்கம்: எரிந்த வீட்டுக்கு ஊர்தான் கூரை போடும். வீட்டுக்கு ஒரு கட்டு கீற்று, வீட்டுக்கு ஓர் ஆள். மூங்கிலும் சவுக்குக் கழியும் ஊர்ப் பொதுவில் இருக்கிற தென்னந்தோப்புக் குத்தகைப் பணத்தில் வாங்குவார்கள். எனக்கு நினைவு தெரிந்து திட்டில் எரிந்த முதல் வீடு அத்தையுடையதுதான். அதனால் இந்த வழக்கத்தைக் காதால் கேட்டிருக்கிறேனே தவிர, நடந்து பார்த்ததில்லை. அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்பதும் அப்போது தெரியாது.

நாட்டாமை ஆரம்பித்தார். "கழி வாங்கறதுக்குப் பணம் இருக்குது. கீத்து அவங்கவங்க வூட்ல இருந்து வந்துடணும். இன்னா சொல்றீங்க?"

நான் எழுந்தேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. பொம்பளப் புள்ள."

உட்காரவில்லை. திரும்பவும் கீற்றா, திரும்பவும் எரியவா என்று கேட்டேன். ஒவ்வொரு கார்த்திகைக்கும் இரண்டு வண்டி வந்து இரண்டு கரையிலும் நின்று பார்க்கவா என்று கேட்டேன். போனில் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். படகு, அதில் இன்ஜின், ஓஸ், வளைந்து விழும் தண்ணீர். தண்ணீரை நீலத்தில் போட்டிருந்தேன். இந்த வருஷம் தோப்புப் பணத்தைக் கழிக்குப் போட வேண்டாம், படகுக்குப் போடுவோம் என்றேன். அத்தைக்கு அரசு வீட்டுத் திட்டத்தில் நானே ஆன்லைனில் விண்ணப்பிக்கிறேன், கீற்று எதற்கு, தளம் போட்ட வீடே வந்துவிடும் என்றேன். மூச்சு விடாமல் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அதுதான் கோளாறு.

மீனவக் குப்பத்தில் பெண் எடுத்து எங்கள் திட்டில் படகு ஓட்டுகிற மாமா ஒருவர் இருக்கிறார். மழைக்காலத்தில் எங்களை அக்கரை சேர்ப்பவர். அவர் துள்ளி எழுந்தார். "எம் மச்சான்கிட்ட பைபர் படகு ஒண்ணு சும்மா கெடக்குது. பழசு. ஆனா ஓட்ட இல்ல. பாப்பா சொல்றது சரிதாம்பா."

"நீ ஓட்றதுக்கு இன்னொரு படகு கெடைக்குதுன்னு குதிக்கிற" என்றார் ஒருவர்.

"குதிச்சா இன்னா, எரியறப்ப உன் வூட்டுக்கும் நான்தான ஓட்டிக்கினு வரணும்?"

கொட்டகை சிரித்தது. அத்தை மட்டும் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "சித்திரையில ஆத்துல மணல்தான இருக்கும் பாப்பா? அப்ப உன் படகு எங்க ஓடும்?"

"அப்பதான் பாலம் இருக்கே அத்தை. வண்டியே வந்துடும்" என்றேன். சரியான பதில்தான். அவள் கேட்டது படகைப் பற்றி மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். திட்டில் நெருப்பு எந்த மாதத்தில் வரும், எதனால் வரும் என்று அவள் கேட்டதாக இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு தீயைப் பார்த்துவிட்டு, அது வந்த மாதத்துக்கு மட்டும் நான் மருந்து தேடியிருந்தேன்.

"சரி, எனக்குத் தளம் போட்ட வூடு எப்ப வரும்?"

"மூணு மாசம். அதிகம் போனா நாலு."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "படிச்ச பொண்ணு சொல்லுது. நான் தார்ப்பாய் போட்டுக்கறேன். ஆகட்டும்."

வீடு இழந்தவளே ஆகட்டும் என்ற பிறகு யார் மறுப்பார்கள்? நாட்டாமை மட்டும் "கூர ஏறாம வுடறது நம்ம ஊர்ல பழக்கம் இல்லியே" என்று இழுத்தார். "காலத்துக்கேத்த மாரி போவணும் பெரியப்பா" என்று நான் முடித்துவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

*

அடுத்த இரண்டு மாதம் என் வாழ்க்கையிலேயே அழகான மாதங்கள் என்று சொல்ல வாய் வருகிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன், இருட்டுவதற்குள் திரும்புவேன், ஞாயிறு முழுக்கப் படகுதான். பழைய ஆயில் இன்ஜின் ஒன்றை ஏம்பலத்தில் கரும்புக்காரர் ஒருவரிடம் பேசி எடுத்தோம். அதைப் படகில் உட்கார வைக்க மரச்சட்டம், அதிர்வு தாங்க லாரி டயர்த் துண்டு. மண்ணும் சருகும் ஏறாமலிருக்க உறிஞ்சுகுழாய் முனைக்குக் கம்பி வலை கட்ட வேண்டும் என்று நினைத்தேன்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மாமா படகின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயிண்டு அடித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று 'தீப்படகு' என்று பேர் வைத்தார்கள். அத்தையும் ஒரு நாள் வந்து பார்த்தாள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். "நல்லா செவப்பா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய தார்ப்பாய் நீல நிறம். எரிந்த சுவர் நாலுக்கும் மேலே கட்டியிருந்தாள். காற்றடித்தால் பட்பட்டென்று என் வீட்டுக்குக் கேட்கும்.

தை பிறந்து பொங்கலும் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை ஆற்றில் இறக்கினோம். தண்ணீர் அப்போதும் போதுமான அளவு இருந்தது. படகின் மூக்குக்குக் குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தினார்கள். நான் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினேன். ஓஸ் முறுக்கிக்கொண்டு எழுந்தது. தண்ணீர் தென்னை உயரத்துக்குப் போய் வெயிலில் சிதறி விழுந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். நாட்டாமைகூடச் சிரித்தார். மாமா என் தலையில் தண்ணீரைத் தெளித்து, "இனிமே எந்த நெருப்பு வந்தாலும் நம்ம பொண்ணு பாத்துக்கும்" என்றார்.

போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அத்தையின் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. நிலம் ஆற்றுப் புறம்போக்கு, பட்டா இணைக்கப்படவில்லை.

திட்டில் யாருக்குமே பட்டா கிடையாது. ஆறு கொடுத்த மண், ஆற்றுப் புறம்போக்கில்தான் சேரும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் வீட்டுக்கு மின்சார இணைப்பு வாங்க அப்பா அலைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். விண்ணப்பத்தில் பட்டா எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அனுப்பினேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று. கம்பி வலை மாதிரியே.

அத்தை ஏழெட்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்த் துளி அவள் மேலும் பட்டிருந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தேன். போனைச் சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் ஓஸைப் பிடித்தேன்.

அந்த ஒரு நாள் போகவே இல்லை.

"இன்னா பாப்பா, மெசேஜ் ஏதாவது வந்துச்சா?" பஸ்ஸுக்கு ஓடும்போது தார்ப்பாய்க்குள்ளிருந்து குரல் வரும்.

நான் நின்று, போனை எடுத்து, தடவிப் பார்த்து, "இன்னும் இல்ல அத்தை, பரிசீலனையில இருக்கு" என்பேன். சும்மாவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் போனைத் தடவினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பொய்க்குக் கொஞ்சம் உழைப்பைச் சேர்த்தால் அது பொய் மாதிரி இருக்காது என்று நினைத்தேனோ என்னவோ. மாசி, பங்குனி என்று வாரத்துக்கு இரண்டு தரமாவது தடவினேன். நடுவில் பட்டாவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் விசாரித்தேன். இல்லை என்றார்கள். அதையும் சொல்லவில்லை.

அந்த மாசியில் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் திட்டில் எல்லோரும் பழைய கீற்றைப் பிரித்துப் புதுசு வேய்வார்கள். அந்த வருஷம் ஒரு கூரைகூட மாறவில்லை. எல்லாம் சாம்பல் நிறமாகவே கிடந்தன. எங்கள் வீட்டில் கீற்று உதிர்ந்து சோற்றில் விழுந்தது. "மாத்திடலாமேம்மா" என்றேன்.

"எப்படிடி மாத்தறது?" என்றாள் அம்மா. "பாக்கலாம். அவளுக்கு வூடு வரட்டும்."

அவளுக்கு வீடு வருவதற்கும் எங்கள் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அதோடு, அத்தையின் வீடு என்ற பேச்சு எடுத்தாலே நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்.

*

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், மாமாவின் மாட்டுக் கொட்டகையில் தீப்பிடித்தது. கொசுவுக்குப் போட்ட மூட்டம் வைக்கோலுக்குத் தாவிவிட்டது. மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நான் வீட்டில்தான் இருந்தேன். "தீப்படகு! தீப்படகு!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு என் வாசலுக்கே ஓடிவந்தார்கள்.

படகு மணலில் இருந்தது. ஆறு வடக்கே ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. வண்டிக்குப் போன் பண்ணிவிட்டார்கள், வந்துவிடும், இருந்தாலும் சும்மா நிற்க முடியுமா? ஏழெட்டுப் பேர் சேர்ந்து படகைத் தள்ளினோம். மணல் சுட்டது. மாமா தன் கொட்டகை எரிவதைப் பார்க்காமல், என்னை நம்பி, படகைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். இதுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. அந்த ஏழெட்டுப் பேரும் குடம் தூக்கியிருந்தால்கூட ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். இன்ஜினைக் கிளப்பினேன். பம்பு நாலு மூச்சு இழுத்தது, ஐந்தாவதில் கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் கம்பெனியில் கேட்டிருந்தால் உடனே நிராகரித்து ஓரமாக வைத்திருப்பேன். மணலை உறிஞ்சிவிட்டது. கம்பி வலை கட்டவில்லை அல்லவா? ஓஸ் முனையில் ஒரு கை சேறு வந்து விழுந்தது. அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் நெருப்பு கொட்டகையிலிருந்து மாமாவின் வீட்டுக் கூரைக்கு ஏறியிருந்தது. ஏறியது என்றுகூடச் சொல்ல முடியாது. காகிதத்தில் பற்றுவது போல ஒரே விரிப்பாகப் பரவியது. பெண்கள் வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முனையில், நெருப்புக்கு மிகப் பக்கத்தில், நனைத்த சாக்கால் பக்கத்து வீட்டுக் கூரையை அடித்துக்கொண்டு நின்றது அத்தை. அவளுக்கு இழக்க இன்னொரு கூரை கிடையாது.

வண்டி பாலத்தில் வந்தது. பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். மாமாவின் கொட்டகையும் வீட்டுக் கூரையும் போயிற்று. பக்கத்து வீடு தப்பியது. தீயணைப்புக்காரர்களில் மூத்தவர் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கீற்றைப் பிடித்தார். அது அவர் கையில் பொடியாக உதிர்ந்தது.

"இன்னாய்யா இது, போன வருசத்துக் கீத்தா? மாசியில மாத்தறதில்லியா நீங்கள்லாம்? ஊர் முச்சூடும் இப்படித்தான் இருக்குது. பத்தாம இன்னா பண்ணும்?"

பிறகு நாட்டாமைதான் மெதுவாகச் சொன்னார். "எரிஞ்ச வூட்டுக்குக் கூர ஏறாம இங்க வேற வூட்டுக் கூரய யாரும் மாத்த மாட்டாங்க சார். எங்க ஊர்ப் பழக்கம் அது."

"அதுக்காக?"

"அவளுக்குத் தளம் போட்ட வூடு வருதுன்னாங்க. வரட்டும்னு இருந்தோம்."

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகப் பார்த்தே இருக்கலாம்.

வழக்கத்தில் நான் கேட்டிராத பாதி இதுதான். ஒரு வீடு எரிந்தால் மூன்றாம் நாளே ஊர் கூடிக் கூரை போடுவது இரக்கத்தால் மட்டுமில்லை. அதைப் போடாமல் தன் கூரையைத் தொடக் கூடாது என்பதால்தான் அவ்வளவு வேகம். யாரோ எந்தக் காலத்திலோ போட்ட பூட்டு. அதன் சாவியை நான் கோயில் கொட்டகையில் எழுந்து நின்று, நீல நிறப் படம் காட்டி, ஆற்றில் போட்டேன். ஊர் முழுக்கக் காய்ந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்து, எனக்கு வந்து நான் மறைத்த ஒரு மெசேஜுக்காகக் காத்திருந்தது. திட்டைத் தீயிலிருந்து காப்பாற்றக் கிளம்பினவள், எல்லா வீட்டின் மேலும் விறகு அடுக்கி வைத்தேன்.

*

அன்று சாயங்காலமே அத்தையிடம் போனேன். தார்ப்பாய்க்கு வெளியே கல் அடுப்பில் உலை வைத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே கொப்புளம். நான் போனை நீட்டினேன்.

"எனக்கு இன்னாத்தத் தெரியும், நீ படி."

படித்தேன்.

"எப்ப வந்துச்சு?"

"படகு எறக்கின அன்னிக்கி."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அன்னிக்கே வந்துடுச்சா? அப்ப நான் கேக்கறப்பல்லாம் நின்னு நின்னு போனத் தடவுனியே, அது இன்னாத்துக்குடி?"

"பயமா இருந்துச்சு அத்தை."

"பயமா? இன்னா பண்ணிடுவேன் நான் உன்ன? இல்லன்னா இல்லன்னு சொல்லியிருந்தா மாசியிலியே கீத்த ஏத்திக்கினு போயிருப்பேன். அவன் வூடும் நின்னுருக்கும்." விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "எம் புள்ள சித்திரைக்கி வரேன்னான். வூடு வரட்டும்டா, அப்பால வான்னு நாந்தான் சொல்லி நிறுத்துனேன். உன் பேச்ச நம்பிக்கினு."

இது எனக்குத் தெரியாது. மகனை வர வேண்டாம் என்று சொன்னது யாருக்குமே தெரியாது. நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. உலையில் அரிசியைக் கழுவிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அழுவறதுன்னா உங்க வூட்ல போயி அழு. இங்க பொக வேற" என்றாள்.

எழுந்தபோது கேட்டேன்: "நான் இப்ப இன்னா பண்ணணும் அத்தை?"

"ஏன், இன்னொரு யோசன வந்துடுச்சா?"

வந்திருந்தது. அதுதான் வெட்கம். அந்த நிமிஷத்திலும் மண்டைக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது: இன்ஜினைப் படகிலிருந்து கழற்றி டயர் வண்டியில் ஏற்றி, மேலே ஒரு தண்ணீர் டிரம்மும் வைத்துவிட்டால், கோடைக்கு அது போதும். மழைக்காலத்தில் அதே வண்டியைக் கரைக்கு உருட்டி ஆற்றில் குழாயை விட்டால் படகே தேவையில்லை. நாற்பது வீட்டுத் திட்டுக்குத் தனியாக ஒரு தீப்படகு வேண்டுமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், எனக்கு முழு மனசாக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு கரையிலும் இரண்டு வண்டி நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் எல்லாக் கூரையும் மாறுவதற்கு முன்னால் அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது.

சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு படகை விற்றுவிடலாம், குப்பத்தில் எடுத்துக்கொள்வார்கள், அந்தப் பணத்தில் உனக்கும் மாமாவுக்கும் கழி வாங்கலாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து சொல்கிறேன் என்றேன்.

அத்தை கரண்டியால் சோற்றைப் பதம் பார்த்தாள். "படகப் பத்தி அப்பால பேசு. எழுந்த ஒடனே மொதல்ல அந்த மெசேஜப் படி. தேதியோட படி."

நாளைக்கு ஞாயிறு. இந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். ஊர்த் தோப்பில் விழுந்த தென்னை மட்டைகளை இரண்டாகப் பிளந்து, வாய்க்காலில் மீதம் இருக்கிற தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். பின்ன வரவில்லை, முதல் கீற்று கோணலாகப் போயிற்று, அம்மா பிரித்துப் போட்டாள். மாமா இன்னும் என்னிடம் பேசவில்லை. ஆனால் நேற்று அவராகவே வந்து படகிலிருந்து இன்ஜினின் நட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பத்து மணிக்குக் கோயில் கொட்டகையில் கூட்டம். எழுந்து நிற்பேன், அம்மா துப்பட்டாவை இழுப்பாள், போனை எடுப்பேன். முதலில் தேதியைப் படிக்கப் போகிறேன்.